வயிறெரிந்தால் தெளியும் தண்ணீர்

ஓடைப்புதூரில் சிந்துஜா என்று ஒரு பொண்ணு இருந்தாள், அவளுக்குப் பத்தொன்பது வயசு, அவள் வயிறெரிந்து பார்த்தால் வெயிலில் கிடக்கிற சாயத்தண்ணி நிறம் விட்டுப்போகும், இவ்வளவுதான் விஷயம், இது எப்படி நடந்தது என்று ஓடைப்புதூர்க்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவர்களுக்கு நேரமும் இருந்ததில்லை, ஏனென்றால் நொய்யல் கரையில் பதினோரு சாயப்பட்டறை வைத்துக்கொண்டு, பதினொன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சுத்திகரிப்பு பிளாண்ட் வைத்துக்கொண்டு, அந்த பிளாண்டும் பாதி நாள் படுத்துக்கிடக்க, ஆறு திங்கட்கிழமை சிவப்பாகவும் புதன்கிழமை கறுப்பாகவும் போய்க்கொண்டிருக்கும்போது, நிறம் போனால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சிந்துஜாவுக்கு அந்த பிளாண்டில்தான் வேலை. மணிக்கு ஒரு தரம் பெரிய தொட்டியில் தண்ணி மொண்டு, சீட்டு ஒட்டி, ஆய்வகத்து மேசையில் வைக்க வேண்டும். பிளஸ் டூ வரைக்கும் படித்தாள், பரீட்சை எழுதவில்லை. அதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், வீட்டுக் கஷ்டம் என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், எல்லாம் பொய். அடுத்த வீட்டுக் கனிஷ்காவும் அவளும் ஒரே பெஞ்சு. கனிஷ்காவைவிட ஒரு மார்க் குறைந்தாலும் தாங்க முடியாது என்று சிந்துஜாவுக்குத் தெரியும், எழுதாதவளுக்கு மார்க் குறையாது என்று கணக்குப் போட்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். அது மடத்தனம் என்று ரிசல்ட் வந்த அன்றைக்கே புரிந்துவிட்டது. கனிஷ்கா கோயமுத்தூரில் கெமிக்கல் இஞ்சினியரிங் சேர்ந்தாள், சிந்துஜா பாட்டிலில் சீட்டு ஒட்டினாள்.

அந்தக் கனிஷ்காதான் ஒரு வைகாசி மாசம், பேர் தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முகப்பவுடர் மாதிரி ஒரு வெள்ளைப் பொடியை டப்பாவில் எடுத்துக்கொண்டு, புது ஸ்கூட்டரில் பிளாண்டுக்கு வந்து இறங்கினாள். காலேஜ் புராஜெக்ட். முதலாளிகள் பதினோரு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பிளாண்ட் மேனேஜர் பொங்கியண்ணன் இளநி வெட்டிக் கொடுத்தார்.

"இந்தப் பொடி சாயத்தை வடிகட்டாதுங்க, உடைக்கும்," என்றாள் கனிஷ்கா. "வெயில் பட்டாப் போதும், சாயம் துண்டு துண்டாப் போயிரும். பொடி மட்டும் அப்படியே இருக்கும். கரையாது, தீராது, மாறாது. வினையூக்கின்னு படிச்சிருப்பீங்க."

ஒரு முதலாளியும் படித்திருக்கவில்லை, ஆனாலும் பதினோரு பேரும் தலையாட்டினார்கள். சிந்துஜா படித்திருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பாடத்தைக் கனிஷ்காவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இப்போது அவளுக்கு டிரே பிடிக்கிற வேலை.

சிவப்புச் சாயத்தண்ணியை டிரேயில் ஊற்றி, பொடியைத் தூவி, வெயிலில் வைத்து, மூணு மணி நேரம் கிண்டினார்கள். சிவப்பு கொஞ்சம் வெளுத்து ரோஸ் ஆனதோடு நின்றுவிட்டது. முதலாளிகள் கொட்டாவி விட்டார்கள். அந்த நேரத்தில் கனிஷ்காவின் அம்மா தூக்குச்சட்டியில் பிரியாணி கொண்டுவந்து, "எம் பொண்ணு வெயில்ல நிக்கறாளே" என்று முந்தானையால் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தாள், அந்தக் கோட்டில் தைத்திருந்த பேரைத் தடவிப் பார்த்தாள், பக்கத்தில் அதே வெயிலில் மூணு மணி நேரமாகக் குனிந்து நின்றவளிடம், "ஏம்புள்ள சிந்து, அந்தச் சட்டியக் கொஞ்சம் புடி" என்றாள். சிந்துஜா சட்டியை வாங்கிக்கொண்டு டிரேயைப் பார்த்தாள். அடிவயிற்றில் ஒன்று குப்பென்று பற்றிக்கொண்டு தொண்டை வரைக்கும் வந்தது. டிரேயில் இருந்த ரோஸ் போய்விட்டது. அடியில் டிரேயின் கீறல் தெரிந்தது, பொடி தெரிந்தது, ஒரு செத்த எறும்பு தெரிந்தது.

"வேலை செய்யுது! வேலை செய்யுதுங்க!" என்று கனிஷ்கா குதித்தாள். பதினோரு பேரும் எழுந்து கைதட்டினார்கள்.

மறுநாள் சிந்துஜா லீவு. பொடி வேலை செய்யவில்லை. அதற்கு மறுநாள் வந்தாள், வேலை செய்தது. இப்படிப் பத்து நாள் போனது. பதினோராம் நாள், பொடியே போடாத பெரிய தொட்டியின் ஓரத்தில் சிந்துஜா நின்றுகொண்டு, கனிஷ்கா மரத்தடியில் யாரிடமோ இங்கிலீஷில் போன் பேசுவதை ஒரு நோட்டம் விட்டுவிட்டுத் தண்ணியைப் பார்க்க, நாலு லட்சம் லிட்டர் கறுப்பு ஒரே மூச்சில் தெளிந்து தொட்டியின் அடித்தரை தெரிந்ததைப் பொங்கியண்ணன் தன் கண்ணால் பார்த்தார்.

அவர் ஆச்சரியப்படவில்லை. நேராக முதலாளிகள் சங்கத்துக்குப் போய்ச் சொன்னார். அங்கேயும் யாரும் ஆச்சரியப்படவில்லை.

"கண்ணு பட்டு என்ற எருமை மடி வத்திப்போச்சு போன வருசம்," என்றார் ஒரு முதலாளி. "எருமையவே வத்த வைக்குது, சாயத்தை உடைக்காதா?"

"வெயில் வேணுங்களா அதுக்கும்?"

"வேணும்னுதான் தெரியுது. மேகம் மறைச்சா நிக்குதுங்க."

"அப்ப அந்தப் புள்ளதான் பொடியா?"

"அப்படித்தானுங்க."

அதற்கப்புறம் ஊர் ஒரே வாரத்தில் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. பிளாண்ட் வாசலில் தொங்கின திருஷ்டிப் பூசணியை இறக்கினார்கள், எலுமிச்சை மிளகாய்ச் சரத்தை அறுத்தார்கள், கோரைப்பல் பொம்மையைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டார்கள், பிளாண்ட் எல்லைக்குள் திருஷ்டி கழிக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானமே போட்டார்கள். அதுவரைக்கும் சிந்துஜாவைக் கண்டால் கைக்குழந்தையை மாராப்புக்குள் மறைத்த பொம்பிளைகள், இப்போது முறை வைத்துக்கொண்டு பதினோரு மணிக்குத் தொட்டிக்கரைக்கு வந்தார்கள். திங்கட்கிழமை முதல் கம்பெனி, செவ்வாய்க்கிழமை இரண்டாவது கம்பெனி என்று முதலாளி வீட்டம்மாக்கள் புதுப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு அந்தச் சித்திரை வெயில் மாதிரியான ஆடி வெயிலில் தொட்டியைச் சுற்றி நடந்தார்கள். ருக்குமணியக்கா என்கிறவர் கழுத்தாரத்தை எடுத்து வெளியே போட்டு, "எப்புடி இருக்குது அம்மிணி? நல்லாப் பாரு, வெட்கப்படாத," என்று குனிந்து குனிந்து காட்டினார்.

"நல்லாத்தான் இருக்குதுங்கக்கா," என்றாள் சிந்துஜா. தண்ணியின் நிறம் அசையவில்லை.

"எரியலையா?"

"இல்லைங்கக்கா. எனக்கு நகை பிடிக்காது."

ருக்குமணியக்கா அழுதுகொண்டே காரில் ஏறினார். அவ்வளவு நகை வைத்திருந்து ஒரு பொண்ணுக்கு வயிறெரியவில்லை என்றால் அழுகை வராதா.

கனிஷ்கா இதையெல்லாம் நோட்டில் எழுதினாள். அவள் புராஜெக்ட் பொடியைவிட்டு சிந்துஜாவுக்கு மாறிவிட்டது, ஆனால் காலேஜுக்குப் பொடி என்றுதான் போய்ச் சொன்னாள். வினையூக்கியை மேம்படுத்துவது என்றால் என்ன போட்டால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதுதானே. பட்டுச்சேலை, பன்னிரண்டு சதவீதம். கார், ஒன்பது. கைக்குழந்தை, பூஜ்யம். கனிஷ்காவின் செமஸ்டர் மார்க், எழுபத்தொன்று. கனிஷ்காவைப் புரொபசர் எல்லார் முன்னாலும் பாராட்டினது, எண்பத்தாறு. சிவப்பும் கறுப்பும் சுலபமாக உடைந்தன. டர்க்காய்ஸ் என்கிற மயில்கழுத்து நீலம்தான் எதற்கும் மசியவில்லை. அதற்குச் சாதாரண எரிச்சல் போதாது. ஒரு சனிக்கிழமை கனிஷ்கா, தொட்டிக்கரையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "என் ரூம்மேட் இருக்காள்ல, அவதான்டி என் லைஃப்லயே முதல் பெஸ்ட் பிரெண்டு," என்று சாதாரணமாகச் சொன்னாள். ஒண்ணாங்கிளாசிலிருந்து பன்னிரண்டாங்கிளாஸ் வரைக்கும் ஒரே டிபன்பாக்ஸில் தின்றவள் சிந்துஜா. தொட்டியில் இருந்த டர்க்காய்ஸ் அத்தனையும் போய்விட்டது. கனிஷ்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலே செகண்ட்," என்று எழுதிக்கொண்டாள்.

கனிஷ்கா வராத நாட்களில் அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போதும். பொங்கியண்ணன் பதினோரு மணிக்குத் தன் போனைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டுவார். "இன்னைக்கு ஊட்டி போயிருக்குது பாரு கண்ணு. குரூப்பா. கேக் வெட்டறாங்க."

"போதும்ணா, பாத்துட்டேன்."

"இன்னொண்ணு இருக்குது. பச்சை இன்னும் போகலை."

ஆறு தெளிந்தது. கெண்டை துள்ளுகிறதென்று பிள்ளைகள் கல்லெறியப் போனார்கள். மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து தண்ணியைப் பிடித்துப் பார்த்து முகம் கோணாமல் போனார்கள். சிந்துஜாவுக்கு பிளாண்டில் தனி நாற்காலி போட்டார்கள், அதற்குமேல் குடை போடவில்லை, வெயில் மறையுமே.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு நடந்ததைப் பொங்கியண்ணன் இன்றைக்கும் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். ஆபரேட்டர்கள் மோட்டார், பம்பு, மீட்டர் போர்டு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார்கள், அதே கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிந்துஜா நெற்றியிலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்கள், மோட்டாருக்குப் போட்ட மாலையில் ஒரு முழம் அறுத்து அவளுக்கும் போட்டார்கள், அவளும் ஏதோ மரியாதை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வருஷாவருஷம் செய்கிற பழக்கத்தில், தீர்மானத்தை மறந்து, வெண்பூசணியைக் குடைந்து குங்குமம் கொட்டிச் சூடம் ஏற்றி பம்புக்கு மூணு சுற்று, மீட்டருக்கு மூணு சுற்று, சிந்துஜாவுக்கும் மூணு சுற்று சுற்றி வாசலில் போட்டு உடைத்துவிட்டார்கள்.

மூணு நாள் அவளுக்கு எதைப் பார்த்தாலும் எரியவில்லை. ஸ்டேட்டஸைக் காட்டினால், "நல்லாருக்கட்டும்ணா," என்றாள். ஆறு ஊதாவாகப் போனது. கெண்டை மல்லாந்தது. நாலாம் நாள் கனிஷ்காவைக் காரில் கூட்டிவந்து நிறுத்தினார்கள், அவள் ஜெர்மனியில் ஒரு மாநாட்டில் தன் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னாள், எல்லாம் பழையபடி சரியானது.

ஆனால் அந்த மூணு நாளில் சிந்துஜாவுக்கு ஒன்று தோன்றிவிட்டது. எரியாமல் இருந்தபோது என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. பரீட்சை எழுத வேண்டும், பாஸ் பண்ண வேண்டும், கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும். கனிஷ்காவை ஜெயிக்க அல்ல, அந்தப் பாடம் அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். தனித்தேர்வர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, போட்டோ ஒட்டி, கனிஷ்காவிடம் கொடுத்தாள். "நீ போற வழிதானே ஸ்கூலு. ஆபீஸ்ல குடுத்துரு."

"குடுத்துட்டேன்டி," என்று அடுத்த சனிக்கிழமை கனிஷ்கா சொன்னாள்.

தை மாசம் ஹால் டிக்கெட் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கிளார்க் மூணு தரம் பட்டியலைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு பேரே இல்லை என்றார். திரும்பி வந்து ஆய்வகத்து மேசையில் கனிஷ்காவின் புராஜெக்ட் ஃபைலைத் திறந்தாள். கிராஃப் தாள்களுக்கு நடுவில், மடிப்புக் கலையாமல், அவள் போட்டோ அவளைப் பார்த்தது.

தாளை எடுத்துக்கொண்டு தொட்டிக்கரைக்குப் போனாள். அன்றைக்குச் சங்கக் கூட்டம் தொட்டிக்கரையில்தான், முதலாளிகள், ஆபரேட்டர்கள், கனிஷ்கா எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். சிந்துஜாவின் அம்மாவும் இருந்தாள், அவளுக்கு ஐந்தாவது கம்பெனியில் துணி செக்கிங் வேலை.

"இது என்னடி?"

கனிஷ்கா தாளைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "நான் வேணும்னு பண்ணலை."

"பின்ன, தாள் தானா நடந்து வந்து ஃபைலுக்குள்ள படுத்துக்கிச்சா?"

"நீ பாஸ் ஆயிட்டா உன் வயிறு குளுந்துரும்டி. குளுந்துட்டா இந்தத் தண்ணி? என் கட்டுரை? எல்லாரும் யோசிச்சுத்தான்..."

"எல்லாரும்னா?"

பொங்கியண்ணன் மீட்டர் போர்டைத் துடைக்க ஆரம்பித்தார். சிந்துஜா அம்மாவைப் பார்த்தாள்.

"பதினோரு கம்பெனிப் பொழப்பு கண்ணு," என்றாள் அம்மா, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே. "என்ற வேலையும் அதுலதான இருக்குது. நீ ஒருத்தி கொஞ்சம் பொறுத்துக்கிட்டா..."

"எத்தன வருசம்?"

கரையாமல், தீராமல், மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

"தண்ணியப் பாருங்க," என்றாள் சிந்துஜா. எல்லாரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள், கண் எடுக்காமல், உச்சி வெயிலில், ஐந்து நிமிஷம். தொட்டி ரத்தச் சிவப்பாக அப்படியே கிடந்தது. "இது கோபம். கோபத்துக்குச் சாயம் போகாது. என்னை இங்க கட்டிப்போட்டீங்கன்னா தினமும் இதுதான் வரும். ஏய் கனிஷ்கா, உன் பொடி எங்கடி?"

"அது... ரோஸுக்கு மேல போகலை."

"போக வை. அதுக்குத்தானே படிச்சே?"

ஊர் ஒரு நாள் முழுக்கக் கூடிப் பேசியது. கோபமாக இருக்கிற பொண்ணால் பிரயோஜனம் இல்லை, விட்டால் ஒருவேளை திரும்பப் பழையபடி எரிச்சல் வரும் என்று கடைசியில் முடிவானது. தட்கலில் விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி. பொங்கியண்ணனே தன் மொபெட்டில் அவளைக் கூட்டிப் போனார், ஆபீஸ் வாசலில், "என்ற பொண்ணுக்கும் உன்ற வயசுதான்," என்றார். "அவ படிக்கிறாளா?" என்று கேட்டாள் சிந்துஜா. அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

செய்முறைத் தேர்வு மாசியில் வந்தது. அதுவரைக்கும் அவள் பிளாண்ட் பக்கமே போகவில்லை, பட்டறைகள் பாதி ஓடின. ஆய்வகத்தில் வெயில் விழுகிற ஜன்னலோர வரிசையில் மேசை கிடைத்தது. வயிறு குளிர்ந்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். வேண்டியது கையில் இருக்கிறதே, இனி என்ன எரிச்சல். ப்யூரெட் குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி, சட்டை மடிப்புக்கூடக் கசங்காமல், குடுவையில் மெல்லிய ரோஸ் நிறத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள், எல்லாரையும்விட முதலில். "வெரி குட்," என்றார் தேர்வாளர்.

சிந்துஜாவின் அடிவயிற்றில் குப்பென்றது. ரெட்டைச் சடைக்காரியின் ரோஸ் போய்விட்டது. அந்தப் பொண்ணு திகைத்து இன்னொரு சொட்டு விட்டாள். வந்தது, சிந்துஜா பார்த்தாள், போய்விட்டது. மூணாவது சொட்டில் அவள் அழுகைக்கு வந்துவிட்டாள்.

சிந்துஜா ப்யூரெட்டையும் குடுவையையும் தூக்கிச் சுவர்ப் பக்கம் வைத்து, ஸ்டூலையும் அங்கே திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அந்தப் பொண்ணு பெருமூச்சு விடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் தன் குடுவையிலும் ரோஸ் வந்தது. அது சொந்த ரோஸ், பார்க்கப் பார்க்க அப்படியே இருந்தது.

வெளியே வந்தால் கேட்டில் பொங்கியண்ணன் மொபெட்டோடு நின்றார். ஹேண்டிலில் ஒரு தண்ணி பாட்டில் தொங்கியது, உள்ளே டர்க்காய்ஸ்.

"எப்புடி எழுதுன கண்ணு?"

"நல்லா."

"வயிறு குளுந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு, பாட்டிலை வெயிலுக்கு நேராகத் திருப்பி வைத்தார். "சங்கத்துல கேட்டுட்டு வரச் சொன்னாங்க. எரியுதுன்னா திங்கட்கிழமை நாற்காலி போடறமாம். இல்லீன்னா அந்தப் பொடியத்தான் நம்போணும்."

"பொடி எப்படி இருக்குது?"

"அந்தப் புள்ள சோறு தண்ணி இல்லாமக் கெடக்குது. சுட்டுப் பாக்குது, இரும்பு கலக்குது, வெள்ளி கலக்குது. முந்தாநேத்து டர்க்காய்ஸ்ல பாதி போயிருச்சு சாமி! நெசமாலுமே பொடிதான், நீ கிட்ட இல்லையே. புரொபசரே நேர்ல வந்து முதுகுல தட்டிக் குடுத்தாரு."

முதுகில் தட்டிக்கொடுத்தாரா. கனிஷ்கா தானாகவே செய்துவிட்டாளா. சிந்துஜாவுக்குப் பிறந்ததிலிருந்து அப்படி எரிந்ததில்லை. பிரியாணிச் சட்டி, ரூம்மேட், ஜெர்மனி எல்லாம் இதற்கு முன்னால் வெறும் தணல். ஒரு பாட்டில் என்ன, அந்த நிமிஷம் திரும்பிப் பார்த்தால் பதினோரு பட்டறையும் பத்து வருஷத்துக்கு விடப்போகிற சாயம் மொத்தமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் திங்கட்கிழமை நாற்காலி. ஆயுத பூஜைக்கு ஒரு முழம் மாலை.

அவள் பின்சீட்டில் ஏறிக்கொண்டு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குளுந்துருச்சுங்ணா," என்றாள்.

பொங்கியண்ணன் வண்டியை எடுத்தார். அவிநாசி ரோட்டில் உச்சி வெயில் அடித்தது. சிக்னலுக்குச் சிக்னல் அவர் பாட்டிலைக் குனிந்து பார்த்தார், மயில்கழுத்து நீலம் குலுங்கிக்கொண்டு வந்தது.

"நெசமாவே குளுந்துருச்சு போலயே," என்றார், வருத்தமாகவா சந்தோஷமாகவா என்று தெரியாத குரலில்.

"ஆமாங்ணா. சில்லுனு இருக்குது. நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க," என்றாள் சிந்துஜா, இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு.